மரம் செடிகளில் பூச்சிப் புடைப்புகள்: தேடுதலும் இனம் காணுதலும்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரி வட்டாரங்களில் வரப்போரம், சாலையோரம், காட்டோரம் என எங்கு நடந்தாலும் மரம் செடிகளின் இலைகளிலும் தளிர்களிலும் சிறு கட்டிகளைக் காணலாம். புங்கன் இலையில் விரல் நுனி போன்று நீட்டிக்கொண்டிருக்கும். மாவிலையில் மரு போல் இருக்கும். தைலமரத் தளிரிலும் இலைக்காம்பிலும் முடிச்சு முடிச்சாகத் திரளும். இவற்றைக் கொப்புளம் என்பார் சிலர்; முடிச்சு என்பார் சிலர்; கழலை என்பாரும் உண்டு. இக்கட்டுரையில் புடைப்பு என்றே குறிப்பிடுவோம்.

புடைப்பைக் கண்டவுடன் உழவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். நோய் வந்துவிட்டது என்று கருதி மருந்து தெளிக்கின்றனர். அல்லது தொழிற்சாலைப் புகையால் வந்தது, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகின்றனர். இரண்டுமே பெரும்பாலும் பொருந்துவதில்லை. புடைப்பை ஒரு பிளேடால் அறுத்து உள்ளே இருப்பது என்ன என்று பார்த்த பின்னரே என்ன செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டும். அதற்கான முறைகளைக் கீழே காண்போம்.

புடைப்பு என்பது யாது?

புடைப்பு என்பது செடியின் சொந்தத் திசுவே ஆகும். ஒரு சிறு பூச்சி இளந்தளிரிலோ இலையிலோ முட்டையிடுகிறது, அல்லது அதன் குஞ்சு அங்கே இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. அதனால் தூண்டப்பட்டு, செடி அவ்விடத்தில் அளவுக்கு மீறி வளர்கிறது. அவ்வளர்ச்சியே பூச்சிக்கு வீடாகவும் உணவாகவும் அமைகிறது. முற்றிய இலையில் இவ்வாறு வளர்ச்சி ஏற்படுவதில்லை. எனவே புடைப்பு தோன்றுவது எப்போதும் துளிர்க் காலத்தில்தான். நாம் காணும் போது இலை முற்றியிருக்கலாம்; ஆனால் தாக்குதல் நடந்தது அது தளிராக இருந்த நாளில்.

ஒவ்வொரு பூச்சியும் பெரும்பாலும் ஒரே இன மரத்தில், ஒரே உறுப்பில், ஒரே வடிவில்தான் புடைப்பை உண்டாக்கும். எனவே மரத்தின் பெயரும் புடைப்பின் வடிவமும் தெரிந்தால், பூச்சியைக் காணாமலே ஓரளவு இனம் சொல்லிவிடலாம்.

நம் நாட்டில் இத்துறை ஆழமாக ஆராயப்பட்ட ஒன்றாகும். ஆக்ரா புனித ஜான் கல்லூரியில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் எம். எஸ். மணி, தாவரப் புடைப்புகளின் சூழலியல் குறித்து 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் உலக அளவில் பயன்படுத்தப்பட்டது. சென்னை லயோலா கல்லூரியில் டி. என். அனந்தகிருஷ்ணன், இலைப்பேன்கள் உண்டாக்கும் புடைப்புகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்.

புகையா, பூச்சியா?

ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின் தொழிற்சாலைகள் பெருகின. வயலும் ஆலையும் அடுத்தடுத்து அமைந்துள்ள இடங்களில், இலையில் எந்த மாறுதல் தெரிந்தாலும் புகையைச் சொல்வது இயல்பு. இதைப் பிரித்தறிவது எளிது.

காற்று மாசினால் ஏற்படும் தீங்கில் இலையின் ஓரமோ நுனியோ கருகும், அல்லது நரம்புகளுக்கு இடையே வெளிறும். ஒரே இடத்தில் நிற்கும் பல வகைச் செடிகளிலும் இது தெரியும். புடைப்போ ஒரே வகை மரத்தில் மட்டும் இருக்கும். பக்கத்தில் நிற்கும் வேறு மரம் சுத்தமாக இருக்கும். மேலும் புடைப்பை அறுத்தால் உள்ளே அறை இருக்கும். புகை எந்த இலையிலும் அறை கட்டுவதில்லை.

தேடும் முறை

தேவைப்படுபவை: ஒரு பிளேடு, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ், சில கண்ணாடிப் புட்டிகள், மெல்லிய துணி, ஒரு குறிப்பேடு.

1. புதுத் தளிர் விட்ட சில வாரங்களுக்குப் பின் தேட வேண்டும். காலை வெயிலில் இலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் சிறு புடைப்பும் தெரியும்.

2. மரத்தின் பெயர், புடைப்பு உள்ள உறுப்பு (இலைப்பரப்பு, நடுநரம்பு, காம்பு, தண்டு, மொட்டு), தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. புடைப்பில் துளை உள்ளதா என்று பார்க்க வேண்டும். குண்டூசி குத்தியது போன்ற வட்டத் துளை இருந்தால் பூச்சி வெளியேறிவிட்டது என்று பொருள். அந்நிலையில் மருந்து தெளிப்பது வெறும் வீட்டுக்கு மருந்து தெளிப்பதே ஆகும்.

4. துளையில்லாத புடைப்புகள் பத்தையாவது அறுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது.

உள்ளே இருப்பது எது?

அறுத்த புடைப்பில் காண்பவற்றைப் பின்வருமாறு இனம் பிரிக்கலாம்.

காலில்லாத, மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறச் சிறு புழு, தலை தெளிவாகத் தெரியாமல் இருந்தால் அது கொசு போன்ற சிறு ஈயின் புழு. நெல்லின் ஆனைக்கொம்பன் ஈ இவ்வினத்தைச் சேர்ந்ததே.

காலில்லாத வெண்ணிறப் புழு, வளைந்து கிடந்து, ஒவ்வோர் அறையிலும் ஒன்றாக இருந்தால் அது சிறு குளவியின் புழு.

மடிந்த அல்லது சுருண்ட இலைக்குள் ஒல்லியான பூச்சிகள் கூட்டமாக, கறுப்பும் இளமஞ்சளுமாக ஓடினால் அவை இலைப்பேன்கள்.

உள்ளே வெண்பொடியோ மெழுகோ படிந்து, மெல்லுடல் பூச்சிகள் கூட்டமாக இருந்தால் அசுவினி அல்லது அதற்கு நெருங்கிய சாறு உறிஞ்சும் பூச்சி.

கண்ணுக்கு ஒன்றுமே தெரியாமல், லென்ஸில் மிக நுண்ணிய வெண்புழுக்கள் போல் ஊர்வன தெரிந்தால் அவை பூச்சியல்ல. ஈரியோபைட் சிலந்தி எனும் நுண் உண்ணிகள். தென்னங்குரும்பையைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்தியின் உறவினம் இது. இவற்றுக்கு நான்கே கால்கள்.

புட்டியில் வளர்த்துப் பார்த்தல்

முற்றிய, ஆனால் துளையில்லாத புடைப்புகளைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, ஈரத்தை உறிஞ்ச ஒரு காகிதத் துண்டையும் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைக்க வேண்டும். சில நாட்களில் பூச்சிகள் வெளிவரும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வெளிவரும் பூச்சி எல்லாம் புடைப்பை உண்டாக்கியது என்று எண்ணிவிடக் கூடாது. புடைப்பினுள் இருக்கும் புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவியும் அதே புடைப்பிலிருந்துதான் வெளிவரும். அது நம் நண்பன். ஒரே புட்டியில் இரு வகைப் பூச்சிகள் வந்தால் இரண்டையும் தனித்தனியே எடுத்து, மரத்தின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டுடன் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டி இனம் அறிந்துகொள்ள வேண்டும்.

தைலமரம்: எல்லை தாண்டி வந்த குளவி

தைலமரத்தைக் கன்னடம் பேசுவோர் நீலகிரி மரம் என்பர். இதன் இளங்கன்றுகளில் நடுநரம்பு, இலைக்காம்பு, இளந்தண்டு ஆகியவற்றில் புடைப்புகள் வரிசையாகத் திரண்டு, இலை சுருண்டு, நுனி வளராமல் நின்றுவிடும். இதற்குக் காரணம் லெப்டோசைபி இன்வேசா எனும் சிறு குளவி. இதன் தாயகம் ஆஸ்திரேலியா. 2000-ஆம் ஆண்டளவில் மத்திய தரைக்கடல் நாடுகளில் தலைகாட்டி, 2004-ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் பெற்றது. இந்தியாவில் 2000-களின் தொடக்க ஆண்டுகளிலேயே கர்நாடகத்தின் மண்டியா பகுதியிலும் பின்னர் தமிழகத்திலும் காணப்பட்டது.

இக்குளவியின் நீளம் ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். உடல் பழுப்பு நிறத்தில் நீலப் பச்சை மினுக்கத்துடன் இருக்கும். பெண் குளவி ஆண் இல்லாமலே முட்டையிட்டு இனம் பெருக்க வல்லது. ஆகவே தாக்குண்ட ஒரு கன்று வந்தாலும் தோப்பில் பரவப் போதுமானது. புடைப்பு முதலில் பச்சையாகவும், பின்னர் பளபளப்பான இளஞ்சிவப்பாகவும், முற்றியபின் செம்பழுப்பாகவும் மாறும். முட்டையிட்டது முதல் குளவி வெளிவருவது வரை நான்கு மாதம் அளவில் ஆகும். இக்காலம் முழுவதும் புழு திசுவின் நடுவில் இருப்பதால், மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டுவது அரிது. ஆனால் வெளியே பறக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை அது கொல்லும்.

எனவே இதில் செய்ய வேண்டியவை:

கன்று வாங்கும் போதே நாற்றங்காலில் நின்று நுனித்தளிர், காம்பு, நடுநரம்பு மூன்றையும் பார்க்க வேண்டும். பச்சைப் புடைப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. விரலால் தடவினால் தட்டுப்படும். புடைப்புள்ள தட்டை முழுவதுமாக ஒதுக்க வேண்டும். எல்லைக்கு அப்பாலிருந்து விலை மலிவாக வரும் கன்றுகளிலும் இச்சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

எல்லாக் குளோன் இரகங்களும் ஒரே அளவில் தாக்கப்படுவதில்லை. தாங்கும் இரகம் எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

நட்ட கன்றில் சில நுனிகளில் மட்டும் புடைப்பு இருந்தால், துளை விழுமுன் வெட்டி எரித்துவிட வேண்டும்.

வளர்ந்த மரங்களில் மருந்து தெளிப்பு தேவையில்லை. இஸ்ரேலிலிருந்து வரவழைக்கப்பட்ட குவாட்ராஸ்டைக்கஸ் மெண்டெலி எனும் ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் பெருக்கித் தோப்புகளில் விட்டுள்ளது. அது நிலைபெறும் இடத்தில் புடைப்புக் குளவி தானே தணியும்.

கல்யாண முருங்கையின் இலையும் காம்பும் தண்டும் தடித்துக் கோணலாவதும் இதனை ஒத்த மற்றொரு குளவியால்தான். குவாட்ராஸ்டைக்கஸ் எரித்ரினே எனும் அக்குளவியும் 2004-ஆம் ஆண்டில்தான் பெயரிடப்பட்டது; சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியா முதல் ஹவாய்த் தீவுகள் வரை பரவிவிட்டது. வேலிக்கும் கொடிக்காலுக்கும் இதன் போத்துகளை வெட்டி எடுத்துச் செல்லும் போது, புடைப்பில்லாத மரத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

மாவில் இரண்டு ஈக்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாவே முதன்மைப் பழப்பயிர். மாவில் இரு வகைச் சிற்றீக்களைப் பிரித்தறிதல் அவசியம்.

முதலாவது இலையில் மரு போன்ற புடைப்புகளை உண்டாக்குவது. இலையின் இருபுறமும் சிறு மேடாகத் தெரியும். அறுத்தால் ஒரே ஒரு சிறு புழு இருக்கும். வளர்ந்த மரத்திற்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் நாற்றங்காலில் கவனம் வேண்டும். இந்தியாவில் காணப்பட்ட இந்த ஈ, கன்றுகளோடு சேர்ந்தே தென்னாப்பிரிக்கா, மொரிசியசு முதலிய நாடுகளுக்குச் சென்றது. சந்தூர் போன்று ஒட்டுக்கன்றுகள் வெளியூர்களுக்கு அனுப்பப்படும் ஊர்களில், புடைப்புள்ள இலைகளைக் கிள்ளி எரித்த பின் கன்றுகளை அனுப்புவது நல்லது.

இரண்டாவது பூங்கொத்தைத் தாக்குவது. இதுதான் விளைச்சலைக் கெடுப்பது. பூங்கொத்தின் தண்டு புழு நுழைந்த இடத்தில் வளையும். மொட்டுகள் விரியாமல் உதிரும். பட்டாணி அளவுப் பிஞ்சுகள் மஞ்சளாகி விழும். வளர்ந்த புழு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். ஆகவே மரத்தடியை உழுது கிளறி, மண்ணை வெயில் காணச் செய்வது இதற்கு ஏற்ற முறை. இலை மருவுக்குத் தெளிப்பதாக எண்ணிச் செலவிடும் பணத்தை, மரத்தடி உழவுக்குச் செலவிட்டால் பயன் உண்டு.

புங்கன்

புங்கன் இலையின் விரல் போன்ற புடைப்புகள் ஈரியோபைட் சிலந்தியால் உண்டாவன. பார்க்க மிகுதியாகத் தோன்றினாலும் வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும். இத்தகைய தழையை நெல் வயலுக்குப் பசுந்தழை உரமாக இடலாமா என்ற ஐயம் எழலாம். இடலாம். இந்தச் சிலந்தி புங்கனை விட்டு நெல்லுக்கு வராது.

நெல்லின் ஆனைக்கொம்பன்

அணைப் பாசனத்திலும் ஏரிப் பாசனத்திலும் நெல் பயிரிடுவோர் அறிந்த புடைப்பு இது. ஈயின் புழு குருத்தினுள் புகுந்ததும், குருத்து வெங்காயத்தாள் போன்று வெண்ணிறக் குழலாக நீளும். அத்தூரில் கதிர் வராது. நூற்றுக்குப் பத்துத் தூர் இவ்வாறானால் பொருளாதாரச் சேத நிலை எட்டியதாகக் கொள்ள வேண்டும்.

மருந்தை எடுக்குமுன் சில குழல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் புழு உயிரின்றி, அதன் உடல் முழுவதும் சிறு கூடுகளாக நிறைந்திருந்தால், பிளாட்டிகாஸ்டர் ஒரைசே எனும் கறுப்பு ஒட்டுண்ணிக் குளவி அங்கே வேலை செய்கிறது. அத்தகைய குழல்களை அழிக்கலாகாது. அவற்றைப் பறித்து, நட்ட பத்தாம் நாளில் பத்து சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வேறு வயலில் வைப்பது பரிந்துரைக்கப்பட்ட முறையாகும்.

நன்மை செய்யும் புடைப்புகள்

அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்கள். அது குறையன்று. அத்தி, ஆல், அரசு இவற்றின் காய்க்குள் இருக்கும் பூக்களில் சிறு குளவி முட்டையிடும். முட்டை பெற்ற பூ புடைப்பாகும். மற்றப் பூக்கள் அதே குளவி கொண்டுவந்த மகரந்தத்தால் விதை கட்டும். அக்குளவி இல்லையேல் அம்மரங்களுக்கு விதை இல்லை.

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடுக்காய்ப்பூ உண்மையில் பூவன்று. கடுக்காய் மரத்து இலையில் பூச்சியால் உண்டாகும் புடைப்பு. குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயும் காயன்று. மேற்கு ஆசியாவின் ஓக் மரத்தில் குளவி உண்டாக்கும் புடைப்பு. அதில் மிகுந்துள்ள துவர்ப்புப் பொருளை இரும்பு உப்புடன் சேர்த்து முற்காலத்தில் மை செய்தனர். கற்கடகசிங்கியும் இமயமலைப் பகுதி மரத்தில் அசுவினி உண்டாக்கும் புடைப்பே.

களையை அடக்கவும் புடைப்புப் பூச்சிகள் உதவுகின்றன. நீலகிரியில் பரவிய ஓர் அயல்நாட்டுக் களைக்கு எதிராக 1963-ஆம் ஆண்டில் தண்டுப் புடைப்பு ஈ கொண்டுவரப்பட்டது. குரோமோலீனா களைக்கு எதிராக மற்றொரு புடைப்பு ஈ 2002-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவிலிருந்து பெங்களூருவுக்கு வரவழைக்கப்பட்டு, சோதனைகளுக்குப் பின் 2005-ஆம் ஆண்டில் வெளியே விடப்பட்டது.

ஆனால் சோதனையில் தவறிய பூச்சியும் உண்டு. பார்த்தீனியம் களையின் தண்டில் புடைப்பு உண்டாக்கும் ஓர் அந்துப்பூச்சி 1980-களில் பெங்களூருவில் ஆராயப்பட்டது. அது பேயெள்ளிலும் முழுமையாக வளர்வது தெரியவந்ததால் வெளியே விடாமல் கைவிடப்பட்டது. நம் மாவட்ட மானாவாரி நிலங்களில் பேயெள் பயிரிடும் உழவர்கள், இனம் கண்டறிதலின் அருமையை இதிலிருந்து உணரலாம்.

புடைப்பு போலத் தோன்றும் பிற

ரோசாச் செடியில் மண்மட்டத்திலோ ஒட்டுப் போட்ட இடத்திலோ சொரசொரப்பான கட்டி தோன்றினால், அறுத்தால் உள்ளே அறையும் இல்லை, பூச்சியும் இல்லை. அது பாக்டீரியாவால் வரும் கட்டி நோய். அச்செடியைப் பிடுங்கி எரித்து, கவாத்துக் கத்தரியைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும்.

தக்காளி வேரில் முடிச்சுகள் வேரோடு வேராகத் தடித்திருந்தால் அது நூற்புழு. செண்டுமல்லியைப் பயிர்ச் சுழற்சியில் சேர்ப்பது பயன் தரும்.

அவரை, துவரை, நிலக்கடலை வேரில் பக்கவாட்டில் ஒட்டி, தேய்த்தால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பவை தழைச்சத்து சேர்க்கும் வேர் முண்டுகள். இவற்றை நோய் என்று கருதலாகாது.

தண்டில் ஒட்டிய புள்ளிகள் நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் அவை செதில் பூச்சிகள்; புடைப்பல்ல.

நினைவில் கொள்ள வேண்டியவை

புடைப்பு தோன்றுவது தளிரில். ஆகவே கண்காணிப்பும் தளிர்க் காலத்தில் வேண்டும். துளை விழுந்த புடைப்புக்கு மருந்து வேண்டாம். துளை விழாத புடைப்பை அறுத்துப் பார்க்காமல் மருந்து வேண்டாம். அயலிடத்துப் புடைப்புப் பூச்சிகள் பெரும்பாலும் கன்றுகளோடும் போத்துகளோடும் வருவதால், வாங்கும் இடத்திலேயே சோதித்து ஒதுக்குவதே மிகச் சிக்கனமான பயிர்ப் பாதுகாப்பு. ஒரு பிளேடும் ஒரு லென்ஸும் வாங்க ஆகும் செலவு, ஒரு முறை மருந்து தெளிக்க ஆகும் செலவைவிடக் குறைவு. வரும் துளிர்க் காலத்தில் தத்தம் தோட்டத்தில் பத்துப் புடைப்புகளையேனும் அறுத்துப் பார்த்து, தெரியாதவற்றை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி, உழவர் பெருமக்கள் பயன் பெறலாம்.